பகிஷ்கரிப்பு என்று நான் சொன்னேன்

நேற்று உங்கள் விசாரணை அலுவலகத்தில் தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றபோது, நீரிழிவா என்று கேட்டீர்கள். இல்லை. இனிப்புக் குடித்தால் எனக்குத் தொண்டையில் சளி கட்டும், ஒலிவாங்கியில் அது கேட்கும். பத்தொன்பது வருடங்களாக ரொறொன்ரோவில் தமிழ் வானொலியில் பேசுகிறவன் நான். இராசதுரை என்றால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். துரை அண்ணை என்றால் ஸ்காபரோவில் தெரியாத சமையலறை இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். நன்றி. உங்களுக்கு வேண்டியது ஒரேயொரு பதில். வோபர்னில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் தளத்தில் கோணேஸ்வரி அக்காவின் சமையலறை எரிந்துகொண்டிருந்தபோது, அவர் எங்கள் வானொலியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் நிலையத்திலிருந்து ஏன் யாரும் 911ஐ அழைக்கவில்லை என்பது உங்கள் கேள்வி. நேயர்களின் அழைப்புகளை எடுப்பது நிலாணியின் வேலை. அதனால் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். நிர்வாகம் அவளை வேலையால் நிறுத்திவிட்டது. அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஒரு மனுஷியைச் சாகவிட்டவள் என்ற பெயரோடு அவள் இனிமேல் வாழ வேண்டுமா என்பதுதான் இங்கே விஷயம். ஆகவே முதலிலிருந்து, நிதானமாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் தீயணைப்புப் படையினரின் சங்கம் ஓர் அறிக்கை அனுப்பியிருந்தது. அவர்கள் இருபத்துநான்கு மணிநேரம் தொடர்ந்து வேலை செய்து, பிறகு சில நாட்கள் ஓய்வெடுக்கும் முறையில் இருக்கிறார்கள். அதை உடைத்துச் சின்னச் சின்ன வேளைகளாக்க நகரசபை யோசிக்கிறது. அது பிடிக்காமல் அவர்கள் ‘ஜொப் அக்‌ஷன்’ தொடங்குவதாக அறிக்கையில் இருந்தது. என்ன செய்யப் போகிறார்கள் என்பதும் இரண்டாம் பந்தியில் தெளிவாக இருந்தது. சீருடைச் சட்டைக்குப் பதிலாகக் கறுப்பு ரீ சேர்ட் போடுவார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் தெருவிழாக்களுக்கும் வண்டியைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டமாட்டார்கள். அவ்வளவுதான்.

செய்தி வாசிக்க மூன்று நிமிடம் இருந்தது. நான் முதல் பந்தியை மட்டும் பார்த்தேன். நாங்கள் இலங்கையில் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள். தபால்காரர் வேலைக்குப் போகாவிட்டாலும், வைத்தியர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டினாலும், அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். ‘பணிப்பகிஷ்கரிப்பு’. அந்தச் சொல் என் வாயில் தானாக வந்து நின்றது. “ரொறொன்ரோ தீயணைப்புப் படையினர் இன்று முதல் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டுள்ளனர்” என்று வாசித்தேன். உங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி மொழிபெயர்ப்பாரோ தெரியாது. வேலையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் கேட்டவர்களுக்கு விளங்கியது. அதுவரை அது ஒரு பிழை. எல்லோரும் விடுகிற பிழை.

பிற்பகல் இரண்டு மணிக்கு நான் நடத்தும் கருத்துக்கணிப்பு நிகழ்ச்சி. அன்று வேறு தலைப்பு வைத்திருந்தேன், ஆனால் நேயர்கள் விடவில்லை. ஐந்து இணைப்புகளும் நிறைந்துவிட்டன. மோர்னிங்சைட்டிலிருந்து ஒருவர், தான் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேரம் நின்றபடி வேலை செய்வதாகவும், சிறுநீர் கழிக்கப் போவதென்றாலும் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். “உவையள் வேலையில நித்திரை கொள்ளுறதுக்குக் கட்டில் குடுத்திருக்காம் அண்ணை. அதுக்குப் பிறகும் பகிஷ்கரிப்போ?” என்றார். எனக்கு அவரை நிரம்பப் பிடித்தது. வீடு எரிந்தால் வாளியோடு தானே போகப்போவதாக இன்னொருவர் சபதம் எடுத்தார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் தமிழ் அழகாக வரும். முடிவில் வாக்கு எடுத்தோம். பத்துப் பேரில் எட்டுப் பேர் தீயணைப்புப் படைக்கு எதிர்.

செவ்வாய்க்கிழமை காலையில் மிதுசன் என்னை அழைத்தான். அவன் தீயணைப்புப் படையில் வேலை செய்கிற எங்கள் பொடியன், முன்பு நானே அவனைப் பெருமையோடு பேட்டி எடுத்திருக்கிறேன்.

“அங்கிள், நாங்கள் ஸ்ரைக் இல்லை. இங்க சட்டப்படி எங்களுக்கு ஸ்ரைக் செய்யேலாது. கோல் வந்தா நாங்கள் போறம். எப்பவும் போறம். பிளீஸ், ஒருக்கா றேடியோவில சொல்லிவிடுங்கோ. எங்கட அம்மாவே என்னை ஏசுறா.”

“ஓம் தம்பி, சொல்லிவிடுறன்” என்றேன்.

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அன்று இரண்டு மணிக்கு ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தபோது நிலாணி கண்ணாடிக்கு அப்பால் ஐந்து விரலையும் காட்டினாள். நிகழ்ச்சி தொடங்க முதலே ஐந்து இணைப்பிலும் ஆட்கள். கடைசி இரண்டு வருடமாக அப்படி நடந்ததில்லை. முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்தபிறகு எங்களை அழைக்கிறவர்கள் பிறந்தநாள் வாழ்த்துக்காரர்கள்தான். ‘நேற்று நான் சொன்னது பிழை’ என்று தொடங்கினால் அந்த ஐந்து பேரும் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமையும் நாளைக்கு என்றேன். அதோடு கேள்வியையும் கொஞ்சம் கூராக்கினேன். ‘உங்கள் வீடு எரிந்தால் இவர்கள் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?’ வராவிட்டால் என்றுதானே கேட்டேன், வரமாட்டார்கள் என்று சொல்லவில்லையே என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கோணேஸ்வரி அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருகோணமலைக்காரி, எழுபது வயது. மகள் கஜனி வேலைக்குப் போனதும் வானொலியைப் போட்டால், அவள் திரும்பி வரும்வரை நிறுத்தமாட்டார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்து, பிடித்து நடக்கும் வண்டியோடு வீட்டுக்குள் உலாவினார். கிழமையில் ஒருநாளாவது அழைப்பார். என் குரல் அடைத்திருந்தால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்வார். அவர் ஊரில் வைத்தியர்கள் பகிஷ்கரிப்பு என்று வானொலி சொன்னால் சனம் ஆஸ்பத்திரி வாசலுக்கும் போகாது. போய் என்ன பயன் என்று வீட்டிலேயே இருக்கும். அப்படிப் பழகின மனுஷி. அது எனக்கும் தெரியும், நானும் அப்படிப் பழகினவன்தான்.

வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்குச் சற்று முன்பு ஸ்ரீதேவி என்ற பெண் இணைப்பில் இருந்தார். தமிழ்நாட்டுக்காரர், றிச்மண்ட் ஹில்லில் கணினி வேலை. விஷயம் தெரிந்தவர்.

“சார், ஒரு நிமிஷம். இந்த மாகாணத்துல ஃபயர்ஃபைட்டர்ஸ் ஸ்ட்ரைக் பண்ணவே முடியாது. சட்டமே விடாது. நீங்க மூணு நாளா எதை வச்சு பேசிட்டிருக்கீங்க?”

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது நிலாணி உள்தொடர்பில் சொன்னாள். “அண்ணை, மூண்டாவது லைன்ல கோணேஸ்வரி அன்ரி. ஏதோ அவசரமாம், குரல் சரியில்லை.” ஸ்ரீதேவிக்கு நன்றி சொல்லி வெட்டிவிட்டு அக்காவை எடுத்தேன். உதவி செய்யத்தான் எடுத்தேன் என்று கஜனியிடம் சொன்னேன். ஸ்ரீதேவியிடமிருந்து தப்பத்தான் எடுத்தேன்.

“தம்பி, எண்ணெய்ச் சட்டி பத்தீட்டுது. குசினி முழுக்கப் புகை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல.” பின்னால் புகை எச்சரிக்கை மணி கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“அக்கா, 911 அடிச்சனீங்களோ?”

“ஏன் தம்பி அடிக்கோணும்? அவையள் பகிஷ்கரிப்பெல்லோ. நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆரும் வரமாட்டினம்.”

ஒலிப்பதிவில் அதற்குப் பிறகு நான்கு விநாடி ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு என் குரல். “நேயர்களே, கேட்டீர்களா? இதுதான் இன்று எங்கள் மக்களின் நிலைமை.” பிறகு அக்காவிடம், “அக்கா, லைனிலேயே இருங்கோ, வச்சிடாதேங்கோ.” பிறகு ஒரு பாட்டுப் போட்டேன்.

நேயர் அழைத்தால், லைனில் இருங்கோ என்பது என் வாய்ப்பழக்கம். அக்கா சொன்ன சொல் கேட்கிறவர். உங்கள் அறிக்கையில் அவர் வரவேற்பறை நாற்காலியில், வீட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தார் என்றும், வாசற்கதவு ஏழடி தூரத்தில் பூட்டாமல் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் நிறையத் தடவை வாசித்துவிட்டேன். ஏழடி நடக்க அவருக்கு முழங்கால் இடம் கொடுத்திருக்கும்.

பாட்டு முடிந்து மூன்றாவது இணைப்புக்குத் திரும்பினேன். மணிச்சத்தம் மட்டும் கேட்டது. “தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது, நேயர்களே” என்றேன். அது தானாகத் துண்டிக்கப்படவில்லை. நான்தான் துண்டித்தேன். அதற்குப் பிறகு நிலாணி அழுதுகொண்டே 911ஐ அழைத்தபோது எட்டாம் தளத்துக்காரர் ஏற்கெனவே அழைத்திருந்தார். அவர் அழைத்து ஐந்து நிமிடத்தில் கறுப்பு ரீ சேர்ட்டுக்கு மேல் தீயுடுப்புப் போட்டவர்கள் ஒன்பதாம் தளத்தில் நின்றார்கள்.

மறுநாள் அஞ்சலி நிகழ்ச்சி செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அக்காவின் படத்தை முகநூலில் போட்டு, தீயணைப்புப் படை மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று கேட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் ஆம் என்றார்கள். செத்தவீட்டில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, “துரை, நீ மட்டும்தான் எங்கட சனத்துக்காகக் கதைக்கிறாய்” என்று கண் கலங்கினார். நானும் கலங்கினேன், அது நடிப்பில்லை. மிதுசன் பூ வைக்க வந்தபோது நாலைந்து பேர் அவனை வாசலிலேயே மறித்தார்கள். அவன் அவர்களின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒருவரோடு இடியப்பக் கடை பற்றிப் பேசத் தொடங்கினேன்.

எனக்குக் குற்ற உணர்வு இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது, வாகனத்தில் பச்சை விளக்குக்குக் காத்திருந்தால் வருகிறது. ஒரு பிழையான சொல்லுக்காக என்று கொஞ்சநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லைத் திருத்தாததற்காக என்று பிறகு நினைத்தேன். இரண்டும் உண்மை, இரண்டையும் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அதனால்தான் இது வேறொன்று என்று விளங்கியது.

நிலாணி உங்களிடம், “எனக்கு உடன ஒண்டும் விளங்கேல்ல, விறைச்சுப் போய் நிண்டிட்டன்” என்று சொல்லியிருக்கிறாள். கஜனி அதை வாசித்துவிட்டு நிலாணியின் வீட்டுக்கே போய்க் கத்தியிருக்கிறாள். நிலாணி அப்போதும் என் பெயரை எடுக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை அண்ணை என்று கூப்பிட்டுப் பழகியதாலாக இருக்கலாம். அல்லது தான் பார்த்ததை அவளே நம்பவில்லையோ என்னவோ.

அவள் விறைத்துப்போய் நிற்கவில்லை. அந்த நான்கு விநாடியில் நடந்தது ஒலிப்பதிவில் இராது. கண்ணாடிக்கு அப்பால் அவள் எழுந்து, தன் கைத்தொலைபேசியை எனக்குத் தெரிய உயர்த்திப் பிடித்தாள். மூன்று இலக்கமும் அழுத்தியாகிவிட்டது, பச்சைப் பொத்தான் மட்டும்தான் பாக்கி. அழைக்கட்டுமா என்று அவள் வாய் அசைந்தது. நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். கலையகத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், பொறு. அவள் பொறுத்தாள்.

அவசரத்தில் தானாக எழும்பின கை என்று எழுதச் சொன்னார் என் வழக்கறிஞர். நானும் இரண்டு நாள் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். ஆனால் நான்கு விநாடி என்பது வானொலிக்காரனுக்கு நீண்ட நேரம், அதற்குள் ஒருவன் நன்றாக யோசிக்கலாம். நான் யோசித்தேன். அவர்கள் வரமாட்டார்கள் என்று நினைத்து நான் அவளைத் தடுக்கவில்லை. அழைத்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள், அக்காவின் தொலைபேசி வழியாகவே அவர்களுடைய வண்டிச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்துதான் தடுத்தேன்.