கொட்டாமல் விட்ட தண்ணீர்

"புரோக்கன் ஹில்லுல ஏது கடல்? அங்கேயிருந்து கடலைப் பாக்கணும்னா நாள் பூரா கார் ஓட்டணும். அந்த ஊர்ல வாசல்ல எதுக்குக் கால் கழுவுற தொட்டி?"

"அதையேதான் நானும் லெயிட்டன்கிட்ட கேட்டேன், பிரெட். அவர் பேச்சை மாத்திட்டார்."

"தோட்டத்துல செம்மண்ணு ஒட்டியிருக்கும், கழுவுவாங்க."

"வெளியில செம்மண்ணு. வீட்டுக்குள்ள வெள்ளை மணல். நடந்தா காலடியில நறநறங்குது. தினமும் பெருக்குறாராம். மறுநாளும் இருக்குமாம். பொழுது சாஞ்சதும் டார்ச் எடுத்துட்டு வந்து தொட்டிக்குள்ள அடிச்சுப் பாக்குறார். ஏதோ தொலைஞ்சதைத் தேடுற மாதிரி."

பிரெட் சிரிக்கப் பார்த்தான். அவன் மனைவி ஷோனா முழங்கையால் இடித்தாள். "இவன் கிடக்கான். தைரியசாலி, போன வாரம் பூனையளவு ஒரு போசம் கூரையில ஓடினதுக்குப் போர்வைக்குள்ள போனவன். நீ சொல்லு, கெர்ரி."

நான் விளக்கைக் கொஞ்சம் தணித்தேன். கேரவனுக்கு வெளியே கூடாரத் துணி காற்றில் ஒருமுறை படபடத்து அடங்கியது.

லெயிட்டன் என் தோழி ரோண்டாவின் அண்ணன். சுரங்கத்தில் மின்வேலை. மனைவி இறந்தபோது மகள் டில்லி நடக்கவே பழகியிருக்கவில்லை. அவளுக்கு ஐந்து வயதானதும், ஒரு ஜனவரியில், முதன்முறையாகக் கடலைக் காட்டக் கூட்டிப்போனார். அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான். இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

யார்க் தீபகற்பத்துக்குள் திரும்பும்போது மாலை மணி ஏழு. கோடை வெயில் இன்னும் சாயவில்லை. ஆனாலும் சாலையில் ஒரு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த பார்லி வயல்கள். காய்ந்த வைக்கோல் வாசனை. அப்புறம் திடீரென்று... உப்பு. பின்னால் டில்லி மூக்கை உறிஞ்சினாள். "அப்பா, மீன் கடை வந்துடுச்சா?"

வாடகைக்கு எடுத்தது ஒரு தகர வீடு. சாவியைக் கொடுத்த பெண் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"படியில தொட்டி இருக்கு. காலைக் கழுவிட்டு உள்ள போங்க. இருட்டினதும் தண்ணியக் கொட்டிடுங்க."

கொசுவுக்காக என்று நினைத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாய்ந்ததும் தொட்டியைத் தூக்கினார். சாய்க்க மனம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே தண்ணீரில் குளித்து, அதையும் எலுமிச்சை மரத்துக்கு ஊற்றிய ஊரில் வளர்ந்தவர். நாளைக்கும் கால்தானே கழுவப்போகிறோம். அப்படியே கீழே வைத்துவிட்டார்.

காலையில் பார்த்தால், தொட்டியின் அடியில் மணல். இரண்டு பேர் காலில் வந்த மணல் இல்லை. கை புதையும் ஆழம். படியில் சின்னதாக ஈரக்கால் தடம், விரல்கள் கதவைப் பார்த்தபடி.

"ராத்திரி எழுந்து வெளியில போனியா?"

"இல்லப்பா. நீ விட்ட குறட்டையில நான் எங்க தூங்கினேன், எழுந்திருக்க?"

அவர் சிரித்துவிட்டார். அதோடு மறந்தும்விட்டார்.

பகலில் டில்லி சிப்பியில் காலை வெட்டிக்கொண்டாள். வலது கட்டைவிரல். பெரிய காயமில்லை, ஆனால் பெரிய அழுகை. மஞ்சள் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிட்டார். அன்று முழுக்க அந்தக் காலை ராணி மாதிரித் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள்.

சாயங்காலம் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் கணவாய் மீன் பிடிக்கப் போனார்கள். ஒன்றும் மாட்டவில்லை. திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. தெருவில் கரண்டும் போனது. கடல் கறுப்பு, வானம் கறுப்பு. நடுவில் இவர் கையில் அவள் கை.

"அப்பா, என் வாளியை கேட் பக்கத்துல வெச்சுட்டேன்."

"காலையில எடுத்துக்கலாம். நீ படியில உக்காந்து காலை நனை. துண்டு எடுத்துட்டு வரேன்."

துண்டு பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்...

சளப். சளப்.

படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. இவர் குனிந்து ஒரு காலை எடுத்து மடியில் வைத்துத் துடைத்தார். மணல். மறுபடி துடைத்தார். மறுபடி மணல். எங்கிருந்துதான் வருகிறதோ. "கடற்கரையையே அள்ளிட்டு வந்தியா?" என்றார். பதில் இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தார். கால் ஐஸ் மாதிரி இருந்தது.

வலது காலைத் துடைக்கும்போது, வலிக்குமே என்று கட்டைவிரலில் மெதுவாகக் கை வைத்தார். பிளாஸ்திரி இல்லை. தண்ணீரில் ஊறிக் கழன்றிருக்கும். தொட்டிக்குள் கிடக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கினார். காலையில் தூக்கியபோது இவ்வளவு கனம் இல்லை. நனைந்த கம்பளியைத் தூக்குவது போல இருந்தது. இரண்டு கையும் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. அவளிடம் எப்போதும் சன்ஸ்கிரீன் வாசனை அடிக்கும். இப்போது கரையில் குவிந்து அழுகிய பாசியின் வாசனை. எல்லார் மேலும்தான் அடிக்கும் என்று சொல்லிக்கொண்டார்... சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினார். காற்று அடிக்கிறதே என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுக்க வைக்கக் குனிந்தார். கழுத்திலிருந்த கைகள் விடவில்லை.

"விடும்மா. அப்பா மெழுகுவர்த்தி எடுக்கணும்."

விடவில்லை. இன்னும் இறுகின. காதுக்குப் பக்கத்தில் மூச்சு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையணையில் சரசரவென்று மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே கேட் கதவு கிறீச்சிட்டது. ஒரு தகர வாளி படியில் டங்கென்று உட்கார்ந்தது.

பிறகு... சளப். சளப்.

அவர் அசையவில்லை. உள்ளே இருக்கிறவள் டில்லி என்றால் பிளாஸ்திரி தொட்டியில் மிதக்க வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தொட்டி கதவுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறந்தால், வெளியே நிற்பது எதுவானாலும் உள்ளே வரும். திறக்காவிட்டால்...

இவ்வளவுதான் லெயிட்டன் ரோண்டாவிடம் சொன்னது. இதற்குமேல் என்ன செய்தார் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

மகள் அவரோடுதான் இருக்கிறாள். வளர்ந்துவிட்டாள். ஈஸ்டருக்குப் போனபோது அவள்தான் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போனபின் பார்த்தேன், தரையில் வரிசையாக ஈரக்கால் தடம். அவள் கடலுக்குப் போக வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம்.

ஆனால் கதவுக்கு வெளியே கேட்டதை மட்டும் அவர் ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். அழுகைக் குரல் இல்லை, பயந்த குரலும் இல்லை. கால் நனைத்து முடித்த குழந்தை, தூக்கிக்கொண்டு போக அப்பா வருவார் என்று உட்கார்ந்திருக்கிற குரல்.

"அப்பா... பிளாஸ்திரி நனைஞ்சுடுச்சு. வேற ஒண்ணு ஒட்டி விடுப்பா."