சமமானது அல்லது மேலானது

இல்லம்மா, அத உள்ள வச்சிருங்க. நல்ல சாமான்தான், நான் கொறை சொல்லல. ஆனா அது கம்பெனியிலேயே தண்ணி நெரப்பி, மூடி, சீல் வச்சு வர்றது. வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு ஸ்க்ரூ முடுக்கினா வேல முடிஞ்சுது. காப்பி ஆறறதுக்குள்ள மாட்டிரலாம். எனக்கு அவ்வளவு சுலபமானது வேண்டாம்.

வயசப் பாத்துத்தான் அத மொதல்ல எடுத்தீங்க, தெரியுது. பரவாயில்ல. அம்பத்திரண்டு வயசுப் பொம்பள வந்து, கம்ப்யூட்டருக்குத் தண்ணியில ஓடற கூலிங் வேணும்னு நின்னா, வேற கடையில மகனுக்கான்னு கேப்பாங்க. நீங்க கேக்கல. அதுக்கே ஒரு நன்றி. சட்டையில மாரிசோல்னு போட்டிருக்கே, அதான பேரு? நான் லோர்னா.

யாருக்கா? என் புருஷனுக்கு. போன மாசம் வரைக்கும் புருஷன். டுவைட்னு பேரு.

சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர் அவரோட வக்கீல் ஆபீசுல இருக்கணும். ஜட்ஜ் உத்தரவு. கெட்டுப்போன தண்ணிக் கூலிங்குக்குப் பதிலா, அதுக்குச் சமமானது அல்லது மேலானது ஒண்ண நான் வாங்கிக் குடுக்கணும். அப்படித்தான் எழுதியிருக்கு. சமமானது அல்லது மேலானது. இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினதுல, எனக்குன்னு யாரும் இவ்வளவு தெளிவா எதையும் எழுதிக் குடுத்ததில்ல.

பழசு அடைச்சுப்போச்சும்மா. அது ஒரு தனிக் கத. கேமராவுல பளிச்சுன்னு தெரியணும்னு, பால் மாதிரி வெள்ளையா ஒரு திரவம் வருதே, அத ஊத்தினார். ஆமா, பாருங்க, உங்களுக்கே மொகம் சுளிக்குது. கண்காட்சிக்கு ரெண்டு நாள் ஊத்திட்டு வடிச்சிர வேண்டிய சமாச்சாரம் அது. தெனம் ஓடற மெஷினுக்கு ஆகாதுங்க, சாயம் பிரிஞ்சு அடியில தங்கிரும்னு சொன்னேன். உனக்கென்ன தெரியும் லோர்னா, மக்கள் கண்ணால பாக்கறாங்க, தெர்மாமீட்டரால பாக்கலன்னார். எட்டு மாசம். தொறந்து பாத்தா, உள்ள சிப் மேல உக்கார்ற செம்பு ப்ளாக்குல முடி கனத்துக்கு வரிவரியா வெட்டியிருப்பாங்கல்ல, அந்த வரிக்கெல்லாம் நடுவுல தயிர் உறைஞ்ச மாதிரி நிக்குது. பல் தேய்க்கற பிரஷ்ஷால சொரண்டி எடுத்தேன்.

நான் ஏன் பொறுப்புன்னா, அது நின்னுபோனப்ப என் வீட்டுல இருந்துச்சு. ஏப்ரல்ல அவர் பெட்டியக் கட்டிக்கிட்டு வாக்கிஷா ஊர்ல ஒரு அபார்ட்மெண்டுக்குப் போனார். மெஷின் எங்க வீட்டு பேஸ்மெண்டுலயே கெடந்துச்சு. ஜூன்ல சூடேறி அணைஞ்சுது. கோர்ட்டுல அவர் வக்கீல், அம்மா வீட்டுல இருந்ததா இல்லையான்னு கேட்டார். இருந்ததுன்னேன். அவ்வளவுதான், அத எழுதிக்கிட்டாங்க. பால் ஊத்தினது யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

மெஷின் அவருக்குத்தான்னு ஆனது அதனால இல்ல. அது அவரோட தொழில் கருவியாம். அவரே தன் கையால ஒவ்வொரு துண்டா கட்டினதாம். பைபிள் மேல கை வச்சுட்டு அதச் சொன்னார். அப்ப லோர்னா என்ன செஞ்சாங்கன்னு ஜட்ஜ் கேட்டார். டுவைட் என்னப் பாத்தார், ரொம்பப் பெரிய மனசோட ஒரு சிரிப்பு. டார்ச் புடிச்சா, யுவர் ஆனர். நல்லாவே புடிச்சான்னார்.

புதுசில்ல. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு சர்ச் ஹாலுக்குப் போனா இதேதான். பீர் ஒரு கையில, இன்னொரு கை என் தோள் மேல. எங்க வீட்டு டார்ச் ஸ்டாண்டும்பார். மேசையில எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். அத நெனச்சாத்தான் எனக்கு இன்னைக்கும் பல்லக் கடிக்கத் தோணுது. அவர் சொன்னதக்கூட விட்டுரலாம், நான் சிரிச்சத விட முடியல.

சரி, சாமானுக்கு வருவோம். இந்த ரேடியேட்டர் என்ன உலோகம்? கொஞ்சம் கையில குடுங்க. ம்ஹூம். அலுமினியம், காத்தாட்டம் இருக்கு. இந்தப் பக்கம் செம்பு ப்ளாக், அந்தப் பக்கம் அலுமினிய ரேடியேட்டர், நடுவுல ஒரே தண்ணி சுத்தி வந்தா என்ன ஆகும்? அதேதான். ஒண்ண ஒண்ணு தின்னுரும்.

என் தங்கச்சி கொரீன் இருக்காளே, அவ இதத்தான் வாங்கிப் போடுன்னா. அக்கா, பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது, ஆறேழு மாசத்துல உள்ளுக்குள்ளயே அரிச்சு நாசமாப் போகட்டும்னா. பாசக்காரி. நான் ரெண்டு நாள் யோசிச்சேன், பொய் சொல்லல. அப்புறம் வேண்டாம்னுட்டேன். நல்லவளா இருக்கணும்னு இல்லம்மா, அப்படி நெனச்சிராதீங்க. ஆறு மாசம் கழிச்சு எங்கயோ ஒரு ரூம்ல அது அழுகினா யாரு பாக்கப்போறாங்க? அவரும், பாருங்க, அவ மட்டமான சாமான் வாங்கிக் குடுத்தான்னு சொல்லிட்டுப் போயிருவார். எனக்கு அவர் கையில ஒரு சாக்குகூட இருக்கக் கூடாது. அதனால செம்பு குடுங்க, கடையில இருக்கறதுலயே நல்ல செம்பு. பம்ப்பும் அந்த உசந்த ரகமே எடுங்க. ரப்பர் வளையம் ஒவ்வொண்ணையும் இந்த வெளிச்சத்துல நானே பாத்து எடுத்துக்கறேன், உங்களுக்கு அவசரமில்லன்னா. கீறல் இருக்கக் கூடாது. தொறந்து பாத்தவங்க யாரா இருந்தாலும், சாமான்ல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லணும்.

கண்ணாடி போட்டுக்கறேன், இருங்க. நான் பல் லேப்ல வேல பாக்கறேன், பத்தொம்பது வருஷமா. டாக்டருங்க அச்சு அனுப்புவாங்க, நாங்க பல்லு செய்யறோம். ஒரு தாள் கனம் கூடிப்போச்சுன்னா அந்த ஆளால சோளம் கடிக்க முடியாது. அதனால பாத்துப் பாத்தே பழகிப்போச்சு. இது வேண்டாம், இந்த வளையத்துல ஒரு ஓரம் நசுங்கியிருக்கு. இது சரி. இதுவும் சரி.

அடுத்தது குழாய். இல்ல, ரப்பர் மாதிரி வளையற குழாய் வேண்டாம், அதச் சொருகத் தெரிஞ்சாப் போதும். விறைப்பா நிக்கற குழாய்தான். இதுல ரெண்டு வகை வச்சிருக்கீங்க. இது சூடு கொஞ்சம் கூடக் கொறைய ஆனாலும் மன்னிக்கும். அக்ரிலிக் மன்னிக்காது. சூடு பத்தலன்னா படக்குன்னு உடையும், ஒரு நொடி கூடிப்போனா உள்ள குமிழ் குமிழா வந்து நிக்கும். ஆனா சரியா வந்துச்சுன்னா கண்ணாடி தோத்துரும். மன்னிக்கற சாமான் எனக்கு வேண்டாம்மா. அக்ரிலிக்கே குடுங்க. பழைய மெஷின்லயும் அக்ரிலிக்தான், அதனால உத்தரவுக்கும் பொருந்தும்.

அட, வளைக்கறது எப்படின்னு உங்களுக்கு நல்லாத் தெரியுதே. உள்ள அந்த சிலிகான் கயித்த விட்டு, உருட்டிக்கிட்டே சூடு காட்டி, ஆமா, அவசரப்படாம. யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?

'டுவைட்டின் பட்டறை'ங்கற யூட்யூப் சேனலா.

இல்ல, ஒண்ணுமில்ல. ஆமா, அதே டுவைட்தான். பேரச் சொன்னப்பவே உங்களுக்குத் தட்டியிருக்கும்னு நெனச்சேன். மூணு லட்சம் பேர் பாக்கறாங்களாமே, நீங்களும் அதுல ஒருத்தரா இருக்கறதுல ஆச்சரியம் இல்ல. எத்தன தடவ பாத்தீங்க, அந்தக் குழாய் வளைக்கற வீடியோவ? இருபது தடவையா! சந்தோஷமா இருக்கும்மா. நெஜமாவே.

ஒண்ணு கேக்கறேன், நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. வளைக்கறப்ப என்ன தெரியும்? கருப்புக் கையுறை போட்ட ரெண்டு கை. குரல் அவரோடது. அப்புறம் அவர் மூஞ்சி வரும், சிரிச்சுக்கிட்டே, கைய மார்ல கட்டிக்கிட்டு. அந்தக் கையும் அந்த மூஞ்சியும் ஒரே படத்துல எப்பவாவது பாத்திருக்கீங்களா?

யோசிங்க. நான் வளையத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்.

இடது கையில சுண்டு விரல் மட்டும் மத்த விரலோட சேராம, கொஞ்சம் வெளிய தள்ளி நிக்குமே. இருபது தடவ பாத்தவங்களுக்குத் தெரியாம இருக்காது. இந்தாங்க, இந்தக் கைதான். ஒம்பது வயசுல கார் கதவுல மாட்டிக்கிச்சு.

அடேயப்பா, கண்ணு கலங்காதீங்க, வாடிக்கையாளர் வர்றாங்க பாருங்க. அந்தக் கையுறைய அவர்தான் வாங்கிட்டு வந்தார். வெரல் ரேகை படக்கூடாதுன்னு சொல்லி, ஆம்பள அளவுல. என் வெரலுக்கு மேல நுனி காலியா மடங்கிக் கெடக்கும், உள்ள பஞ்சு வச்சுப்பேன். நான் பேசின எடமெல்லாம் வெட்டிட்டு, மேல அவர் குரலப் போடுவார். அப்ப எனக்கு அது தப்பாத் தோணல. குடும்பத் தொழில்தானேன்னு இருந்துட்டேன்.

கோர்ட்டுல சொல்லாம இருப்பேனா? சொன்னேன். சுண்டு விரலக் காட்டினேன். எத்தன பேருக்கு அப்படி விரல் இருக்கும்னு அவர் வக்கீல் கேட்டார். கையுறைக்குள்ள இருக்கற கைய எப்படிம்மா நிரூபிக்கறது?

பெட்டியில வச்சிருங்க, ஆமா. வளைக்கற கயிறும் வைங்க, சூடு காட்டற துப்பாக்கியும் வைங்க. முனை தேய்க்கற கருவியும். குழாய் முனையத் தேய்க்காமச் சொருகினா ரப்பர் வளையத்த அறுத்துரும், ஒழுகும். அதுவும் ஒடனே ஒழுகாது, எல்லாரும் கை தட்டி முடிச்சப்புறம் ஒழுகும். செய்முறைத் தாளும் வச்சிருங்க. எல்லாமே இருக்கட்டும், எதுவும் விட்டுப்போச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது.

வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி முடியும்னா? முடியுமே. இன்னைக்கு புதன்தானே. கொண்டுபோய்க் குடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆயிரும்?

கட்டறதுக்கா? அட, நான் கட்டலம்மா. சொல்லலையா உங்ககிட்ட? உத்தரவுல அடுத்த வரியே அதுதான். சாமான்கள் பொருத்தப்படாமல் பெட்டிகளில் ஒப்படைக்கப்பட வேண்டும், பொருத்தும் வேலையை மனுதாரரே செய்துகொள்வார். மனுதாரர்னா டுவைட். ஜட்ஜ் மொதல்ல அப்படிச் சொல்லல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆள வச்சு மாட்டிக் குடுத்துரலாமேன்னுதான் கேட்டார். டுவைட் எந்திரிச்சிட்டார். யுவர் ஆனர், என் கையால கட்டின மெஷின், வேற யாரும் தொடறத நான் ஒத்துக்க மாட்டேன், இவ தொடறத அறவே ஒத்துக்க மாட்டேன், சாமான மட்டும் குடுக்கச் சொல்லுங்கன்னார். என் வக்கீல் பெர்னடெட் ஆட்சேபிக்க எந்திரிச்சாங்க. நான்தான் கோட்டு நுனியப் புடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.

இல்லம்மா, அவரால ஆள் வச்சுக்க முடியாது. சனிக்கிழம ரெண்டு மணிக்கு நேரலைன்னு அறிவிச்சிட்டார், நீங்க பாக்கலையா? ஒரே கேமரா, வெட்டு ஒட்டு கிடையாது, மொதல் ஸ்க்ரூவுலேர்ந்து கடைசி சொட்டு வரைக்குமாம். ஏன் அப்படிச் சொல்லிட்டார்னு கேக்கறீங்களா? அஞ்சு வருஷமா அவர் குரல் அந்தக் கைக்கு மேல ஓடிக்கிட்டிருக்கு. அவரே நம்பிட்டார்மா.

நான் லீவு சொல்லிட்டேன். கொரீன் வர்றா, சீஸ் வாங்கிட்டு வர்றேன்னிருக்கா.

குழாயா, ஆறு. கூடுதலாவா? வேண்டாம்மா. மொத தடவ கட்டறவங்க பாதிய ஒடப்பாங்கதான், தெரியும். ஆனா அந்த மெஷினக் கட்டினப்ப ஆறே ஆறுதான் செலவாச்சு. ஒண்ணுகூட ஒடையலன்னு அந்த வீடியோவுல அவரே பெருமையா சொல்லியிருக்கார். ஆறு வைங்க.