அவ அடிச்ச ரெண்டு பக்கம்

கையெழுத்து போட மாட்டேன்னு நான் எங்க சார் சொன்னேன்? போடறேன். என் தொடரைத் தாராளமா புத்தகமா கொண்டு வாங்க, அட்டையில எந்தப் படம் வேணும்னாலும் போட்டுக்குங்க. கடைசி அத்தியாயத்தை மட்டும் மாத்திடுங்க. பழசைத் தூக்கிட்டு இந்த ரெண்டு பக்கத்தைப் போடுங்க. வேற எதுவும் நான் கேக்கல.

தெரியும் சார், அந்த முடிவுக்குத்தான் ஊரே அழுதுச்சு. நீங்களுமா? அட, பதிப்பகத்துக்காரங்களுக்குக் கூட அழுகை வருமா! சரி, முதல்ல உக்காருங்க. அய்யோ, அந்த நாற்காலியில வேணாம், இப்படி வாங்க. அது என் வீட்டுக்காரி உக்காந்து டைப் அடிக்கிற நாற்காலி. அவ போயி எட்டு மாசம் ஆச்சு. இன்னும் யாரும் அதுல உக்காரல, நான் கூட.

சுவத்துல என்ன பாக்குறீங்க, அந்தப் பட்டியலா? அது என் பொழப்பு சார். கதைன்னு உலகத்துல இருக்கறது மொத்தமே ஆறுதான். ஒண்ணு, வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வர்றது. ரெண்டு, பழி வாங்கறது. மூணு, ஒண்ணுமில்லாதவன் மேல வர்றது. அப்புறம் எதையாவது தேடிக்கிட்டுப் போறது, ஒருத்தியை ரெண்டு பேரு விரும்பறது. ஆறாவது, சாவுல முடியற காதல். பத்திரிகையிலேர்ந்து போன் வந்தா, இந்தத் தடவை எந்த நம்பர்னுதான் கேப்பேன். சிரிங்க, சிரிங்க. அவளும் சிரிப்பா. ஹோட்டல்ல ஆர்டர் எடுக்கற மாதிரியே கேக்கறீங்களேன்னு சொல்லுவா.

எனக்கு உக்காந்தா ஒரு வரி வராது. இங்கேருந்து அந்த ஜன்னல் வரைக்கும் நடந்துக்கிட்டே சொல்லுவேன், அவ அடிப்பா. நான் மூச்சு விடற இடத்துல கமா போடுவா. கதையில அம்மாகாரி பேரை மறந்துபோயி மகளுக்குச் சொல்லிட்டேன்னா, என்கிட்ட கேக்காமயே சரி பண்ணிடுவா. மத்தபடி இருபத்தாறு வருஷத்துல என் கதையில அவ கை வெச்சதே இல்ல.

இந்தத் தொடர் ஆறாம் நம்பர். இருபது வாரம். கதாநாயகிக்கு ரத்தத்துல ஏதோ நோய், கடைசி வாரம் சாகணும். சொல்லி முடிச்சேன். அவ அடிச்சு, பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டா. சிவப்புப் பேனாவும் கையுமா படிக்கிறேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. பொண்ணு சாகவே இல்ல! கட்டில்லேர்ந்து எந்திரிக்கிறா, தலையை வாரிக்கிறா, ஆஸ்பத்திரி படியில மெதுவா எறங்கி பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்துடறா. வந்து கொடியில காய்ஞ்ச துணியை எடுத்து மடிக்கிறா. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

கத்தினேன் சார். துணி மடிக்கிறதெல்லாம் ஒரு முடிவாடின்னேன். அதோட விட்டேனா பாவி? ராகம் போட்டுப் படிச்சுக் காட்டி நக்கல் பண்ணினேன். விரலை மட்டும் குடு, மூளையை நான் பாத்துக்கறேன்னேன். ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னா. இத்தனை பேரைக் கொன்னாச்சு, இவ ஒருத்தியையாவது விட்டுடுங்களேன்னு கேட்டா. கெஞ்சல்லாம் இல்ல, உப்பு போதுமான்னு கேக்கற மாதிரிதான் கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆறாம் நம்பர்ல யாரும் பொழைக்க மாட்டாங்கன்னேன். இந்த வாய்தான் சார் சொன்னுச்சு.

மறுபடி வந்து உக்காந்தா. மூச்சு எறங்கறது, கை சில்லுனு ஆகறது, எல்லாத்தையும் வரி வரியா சொன்னேன். அடிச்சா. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அப்புறம் வாசகர் கடிதம் மூட்டை மூட்டையா வந்துச்சே, அதையும் அவதான் எனக்கு வாசிச்சுக் காட்டினா.

இந்த ரெண்டு பக்கம் எப்படிக் கிடைச்சுதுன்னா கேக்கறீங்க? கிழிச்சுப் போட்டுட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். போன வாரம் அவ பீரோவுல ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன், அதுக்குள்ள மடிச்சு வெச்சிருந்தா.

வாசகர்கள் திட்டுவாங்களா? திட்டட்டுமே. கடைசி அத்தியாயம் என் மனைவி எழுதினதுன்னு தெளிவா போட்டுடுங்க. அப்பவும் திட்டினா என்னைத் திட்டச் சொல்லுங்க, எனக்கு வேணும்.

சரிங்கறீங்களா? நல்லா இருப்பீங்க சார். எங்க போடணும், இங்கயா? தேதியும் போடணுமா? இருங்க, கண்ணாடியை எடுத்துக்கறேன்.

அந்த ஃபைல்ல ஒரு ரிப்போர்ட்டும் இருந்துச்சு சார். அவளுக்குப் புத்துநோய்னு முதமுதல்ல சொன்ன ரிப்போர்ட். தொடர் முடிஞ்சு, பாராட்டெல்லாம் ஓயட்டும்னு காத்திருந்து, ஒரு மாசம் கழிச்சுத்தான் என்கிட்ட சொல்லியிருக்கா. அதுல தேதியைப் பாத்தேன். நான் கத்தினேனே, அந்த வியாழக்கிழமை. காய்கறி வாங்கிட்டு வரேன்னு காலையில போனவ, இந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கிட்டு வந்துதான் எனக்கு டைப் அடிக்க உக்காந்திருக்கா.