பதிமுகத் தண்ணீர்

பத்மஜா மேடத்துக்கு,

வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் மாறிவிடும். யாரைப் பற்றிப் பேசுகிறேனோ அவர் குரலிலேயே பேசிவிடுவேன். போலீஸ் ஸ்டேஷனில் அது நன்றாக இருக்காது. நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பாரம் குறைந்தது. உங்கள் கரமனைத் தமிழ் வேறு, என் சங்கரன்கோவில் தமிழ் வேறு என்றாலும் எழுத்து ஒன்றுதானே.

பெயர் கோமதிநாயகம். வயது நாற்பத்திரண்டு. தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் ஓட்டலில் வேலை. சமையலும் இல்லை, சப்ளையும் இல்லை. 'ஊண் ரெடி' என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். பதினொரு வருஷமாக நிற்கிறேன். ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள் பலகையைப் பார்ப்பார்கள், பிடித்திருக்கிற ஆளைப் பார்க்க மாட்டார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் எந்தத் தபால் பெட்டியையும் பார்த்து வணக்கம் சொன்னதில்லை.

ஃபுட்பால் எனக்கு ஆடத் தெரியாது. எங்கள் பக்கத்து ஓட்டல், லாட்ஜ் பையன்கள் சேர்ந்து 'சென்ட்ரல் பாய்ஸ்' என்று ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரயில்வே லைன் ஓரத்து மைதானத்தில் ஆட்டம், ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். செக்ரட்டரி செல்வகணேஷ் ஒரு லாட்ஜில் மேனேஜர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மைக் பிடிக்க ஆள் வரவில்லை என்று அவர் அதை என் கையில் கொடுத்தார். ஆட்டக்காரர் பெயரை வாசித்தால் போதும் என்றார். முதல் வாரம் வாசிக்க மட்டும்தான் செய்தேன்.

இரண்டாவது வாரம் விழிஞ்ஞத்திலிருந்து 'ஹார்பர் பிரதர்ஸ்' வந்தார்கள். ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்தில் அவர்களுக்குக் கோபம்தான் எட்டாவது ஆள். கோல் வாங்கினால் அவர்கள் கோலி கிரீஷ் தன் கையுறையையே கடிப்பான். மேனேஜர் ஜெயகுமார் லைன்மேன் மேல் செருப்பை எறிவார், பிறகு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய் அதைத் திரும்பக் கேட்பார். ஆனால் இவர்களுக்கெல்லாம் ராஜா கேப்டன் பிரவின்ராஜ்தான். குளச்சல் பக்கத்துக்காரன். போர்ட்டில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை. நன்றாக ஆடிக்கொண்டிருப்பான். திடீரென்று வெளியே வந்து கோட்டு ஓரமாக நடப்பான். "கண்ணுண்டாடே, லைன்மேனே, கண்ணுண்டா" என்று கத்துவான். வாளியை உதைப்பான். அழுவான். அப்புறம் சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்து, ஸ்கோர் என்ன என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பான்.

அன்று அவன் கத்தி முடித்ததும், நான் யோசிக்கவே இல்லை, அதே வரியை அதே குரலில் மைக்கில் திருப்பிச் சொல்லிவிட்டேன். மைதானம் முழுவதும் சிரித்தது. அறுநூறு பேர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் எனக்கு அப்படி நடந்ததில்லை மேடம்.

அவர்களும் ஞாயிறுதோறும் எங்கள் மைதானத்துக்கே ஆட வந்ததால் பிறகு வாராவாரம் செய்தேன். ஜெயகுமாரின் நொண்டலுக்கு ஒரு பாட்டு, கிரீஷின் கையுறைக்கு ஒரு ரெசிப்பி. ஆனால் பிரவின்ராஜைத்தான் ஜனங்கள் கேட்டார்கள். அவன் கோபத்தில் ஒரு விசேஷம் உண்டு. முதலில் சொல் குழறும், அப்புறம் குரல் மேலே போகும், கடைசியில் குழந்தை மாதிரி ஆகிவிடும். கை நடுங்குவதைக்கூட நான் குரலில் கொண்டுவந்தேன். யாரோ வீடியோ எடுத்துப் போட, அது ஊர் வரைக்கும் போயிற்று. ஊரில் என் மனைவி செண்பகவல்லியும் மகள் கலைச்செல்வியும் இருக்கிறார்கள். மகளுக்குப் பதினாலு வயது. நான் போன் செய்தால் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அந்த வீடியோவுக்குப் பிறகு போனை விடவில்லை. "அந்தாளு மாதிரி பேசுங்கப்பா" என்பாள். கிளாஸில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். எங்கப்பா திருவனந்தபுரத்தில் ஓட்டல் வாசலில் நிற்கிறார் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்த பிள்ளை அது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு வீடியோ அனுப்பினால் அந்த வாரம் முழுக்க எனக்கு மகள் இருந்தாள். அனுப்பாத வாரம் இல்லை.

போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் பிரவின்ராஜ் ஓட்டலுக்கே வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் என் கையிலிருந்து பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "இரிங்கண்ணே" என்று என்னை எதிரே உட்காரவைத்தான்.

"நீங்க செய்யது கொள்ளாம் அண்ணே, நல்லாருக்கு. வீட்டுல எல்லாரும் பார்த்துச் சிரிப்போம். ஆனா ஒரு காரியம் பறையணும். அது கோபம் இல்ல. எனக்குப் பத்தொம்பது வயசுல இருந்து சுகர், தினமும் ஊசி. ஓடி ஓடி சுகர் தாழ்ந்துபோனா அப்பிடி ஆவும். என்ன பேசுதேன்னு எனக்கே தெரியாது."

டீமில் யாருக்கும் தெரியாது என்றான். தெரிந்தால் ஆட விட மாட்டார்கள், போர்ட்டில் உயரத்தில் ஏற விட மாட்டார்கள். மனைவி ஜெபமலருக்கு மட்டும் தெரியும். டாக்டர் புதிதாக ஒரு வழி சொல்லியிருக்கிறார் என்றான். ஜெபமலர் பதிமுகத் தண்ணீரில் குளுக்கோஸ் பொடியைக் கலந்து ஒரு பாட்டிலில் கொடுத்துவிடுவாள். மூடியில் சிவப்பு டேப். தலை கிறுகிறுத்தால் உடனே குடித்துவிட வேண்டும்.

"பெண்டாட்டி எதிர்ப்பக்கம் பெண்ணுங்களோட இருப்பா. என் சத்தம் அங்க எட்டாது. உங்க சத்தம் எல்லா இடத்துலயும் கேக்கும். நான் எப்பமாச்சும் கைவிட்டுப்போனா மைக்கில ஒண்ணு பறஞ்சா மதி அண்ணே, அவனுக்குச் சீனி குடுங்கன்னு. என் கை நடுங்கதைக்கூட நீங்க பார்த்திருக்கீங்க. அவளுக்கு அடுத்து என்னைய இவ்வளவு பார்த்த ஆளு நீங்கதான்."

சரி என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவன் சாப்பிட்டுப் போனான், இரண்டு முறை தண்ணீர் ஊற்றினேன். அதுவும் பதிமுகத் தண்ணீர்தான். இங்கே எந்த ஓட்டல் மேஜையிலும் பட்டை போட்டுக் காய்ச்சிய அந்த இளஞ்சிவப்புத் தண்ணீர்தானே.

அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை.

பாட்டில் நன்றாக வேலை செய்தது. ஐந்து வாரம். வெளியே வருவான், நாலு மடக்கு குடிப்பான், உட்காருவான், திரும்ப உள்ளே போவான், கோல் போடுவான். அவன் அடங்கியதும் டீமே அடங்கிவிட்டது. ஜெயகுமார் செருப்பைக் காலிலேயே வைத்துக்கொண்டார். பழைய வரிகளைத் திருப்பிச் சொன்னேன். முதல் வாரம் சிரித்தார்கள், அடுத்த வாரம் "புதுசா வல்லதும் இறக்கு சேட்டா" என்று சத்தம் வந்தது. மகள், "இது பழசுப்பா" என்று போனை அம்மாவிடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் செமி ஃபைனலுக்கு முந்தின வியாழன் செல்வகணேஷ் வந்து, "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஃபைனலுக்கு ஷாலுவைக் கூப்பிடலாம்னு கமிட்டியில பேசுதாங்க" என்றார். ஷாலு மிமிக்ரி ட்ரூப்பில் இருக்கிற காலேஜ் பையன். மலையாளம் சுத்தமாகப் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

எனக்கு ஷாலு மேல் கோபமில்லை. பிரவின்ராஜ் மேலும் இல்லை. அவன் நல்லவன். ஆனால் வெள்ளி, சனி இரண்டு நாளும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பழையபடி யாரும் பார்க்காமல் நின்றுகொண்டே செத்துப்போவேன் என்று தோன்றியது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கத்தல். அதிகம் வேண்டாம், இரண்டு நிமிஷம்.

சனிக்கிழமை அதே அளவு பாட்டில் ஒன்றைக் கழுவி, மூடியில் சிவப்பு டேப் சுற்றினேன். ஞாயிறு காலையில் ஓட்டல் அண்டாவிலிருந்து பதிமுகத் தண்ணீரை அதில் பிடித்தேன். அவ்வளவுதான். இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும் மேடம். நான் எதையும் கலக்கவில்லை. தினமும் ஆயிரம் பேர் குடிக்கிற தண்ணீர் அது. குழந்தைக்கும் கொடுப்பார்கள்.

மைக் மேஜை பாதாம் மரத்தடியில். மைதானத்தில் நிழல் அங்கே மட்டும்தான் என்பதால் இரண்டு டீமும் பைகளை அங்கேதான் வைப்பார்கள். வார்ம்-அப் நேரத்தில் மாற்றினேன். அவனுடைய பாட்டிலை நான் தூக்கி எறியவில்லை. என் மேஜைக்கு அடியில், இரண்டு காலுக்கும் நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். அவன் இரண்டு நிமிஷம் கத்தியதும் எடுத்துக் கொடுத்துவிடுவது என்பதுதான் என் திட்டம். கொடுக்க வேண்டும் என்று நினைக்காதவன் ஏன் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் போகிறான்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும், அவன் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது. பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தான். நின்றான். இன்னொரு தடவை குடித்துப் பார்த்தான். பிறகு பாட்டிலை எறிந்துவிட்டு, "மதுரம் இல்ல, இதுல மதுரம் இல்ல" என்று என் மைக்கிலும் ஏறும்படி கத்தினான்.

புது வரி. ஐந்து வாரத்துக்கு அப்புறம் கிடைத்த புது வரி. "மதுரம் இல்ல" என்று மைக்கில் சொன்னேன், இழுத்து, கடைசியில் கொஞ்சம் அழுகை சேர்த்து. மைதானம் எழுந்து நின்றது. பையன்கள் கைதட்டிக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னார்கள். ரயில் போன சத்தம்கூட அதில் கேட்கவில்லை. செல்வகணேஷ் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். ஜெயகுமார்கூட வழக்கமான நாடகம்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

இரண்டு நிமிஷம் ஆனதும் குனிந்து பாட்டிலைத் தொட்டேன். கை பட்டது. ஆனால் சத்தம் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் என்று நினைத்தேன்.

அவன் மேஜைக்கு வந்தான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்போது அவன் கத்தவில்லை. மெதுவாக, "அண்ணே, பறயுங்க" என்றான்.

பறைந்தேன். "அண்ணே, பறயுங்க" என்று அவன் குரலிலேயே மைக்கில் பறைந்தேன். அன்றைக்கு எழுந்த சிரிப்பிலேயே பெரியது அதுதான்.

திரும்பி நாலு அடி வைத்தான், விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "நடிப்பு பிரமாதம், ஸ்ட்ரெச்சர் வேண்டாம், கட்டிலே கொண்டு வாங்க" என்று நான் சொன்னது வீடியோவில் இருக்கிறது, மறுக்கவில்லை. கிரீஷ் ஓடிவந்து, "எணீற்றுவாடா, அயாள் களியாக்குன்னு" என்று, அந்த ஆள் கேலி செய்கிறான் எழுந்து வா என்று, சட்டையைப் பிடித்து இழுத்தான். வாயில் நுரையைப் பார்த்த பிறகுதான் அவன் அலறினான். அந்த அலறலுக்கும் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பிரவின்ராஜ் பாட்டிலைத் தூக்கி எறிந்ததிலிருந்து அதுவரை பதினோரு நிமிஷம் நாற்பது விநாடி என்று வீடியோ காட்டுகிறது. ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டி வர அதற்கு மேல் இருபது நிமிஷம். புதன்கிழமை காலை வரை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் இருந்து போய்விட்டான்.

அந்த ஞாயிறு ராத்திரி மகளுக்கு வீடியோ அனுப்பினேன். அவன் விழுவதற்கு முன்னால் வரை வெட்டித்தான் அனுப்பினேன். சின்னப் பிள்ளை அல்லவா. மூன்று சிரிக்கிற பொம்மை பதிலுக்கு வந்தது. வியாழக்கிழமையிலிருந்து அவள் போனை எடுப்பதில்லை. பரீட்சை நேரம்.

இப்போது காகிதம் கேட்டதன் காரணத்துக்கு வருகிறேன். மைதானத்தில் கிடந்த பாட்டிலில் குளுக்கோஸே இல்லை என்று சோதனையில் வந்ததாகவும், ஜெபமலர் கலக்க மறந்துவிட்டாள் என்று விழிஞ்ஞத்தில் பேசிக்கொள்வதாகவும் சொன்னீர்கள். அவளே அப்படி நம்பத் தொடங்கிவிட்டாள் என்றும் சொன்னீர்கள். அவள் மறக்கவில்லை. அவள் கலந்த பாட்டில் என் அறையில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. தன் பங்கைச் சரியாகச் செய்தவள் மேல் பழி வரக் கூடாது. பாட்டிலை மாற்றியது நான். கொடுக்காமல் காலுக்கு நடுவில் வைத்திருந்தது நான். அவனைக் கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் உண்டு. கணவன் கத்தியபோது ஏன் ஓடிவரவில்லை என்று நீங்கள் ஜெபமலரிடம் கேட்டீர்கள். பத்து அடி மேலே ஸ்பீக்கர், அவர் கத்தல் அதில் நன்றாகக் கேட்டது, ஆனால் அது மைக் பிடிக்கிற அண்ணன் குரல் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஏழு வருஷம் கூட வாழ்ந்தவள் மேடம். அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதை மட்டும் யாராவது என் மகளிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கோ. கோமதிநாயகம்