பிரேக் இல்லாமல் போன மாப்பிள்ளை

காலை 9.20க்குப் பெரம்பலூரில் கிளம்பிய அரியலூர் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னார்: "பிரேக்கக் கழட்டுனப்புறம்தான் சைக்கிளு நல்லா ஓடுது."

"எந்த சைக்கிளுங்க?"

"மாப்பிள்ளையோட பழைய ரேஸ் சைக்கிளுதான். ஒல்லி டயரு பள்ளத்துல மாட்டுதுன்னாரு. அகலமா மாட்டிவுட்டேன். அது பிரேக் கட்டையில உரசுச்சு."

"ரெண்டு பிரேக்குமா?"

"ரெண்டு சக்கரத்துலயும்தானே உரசுது!"

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்றதுக்குள்ள, அரியலூரு பஸ் ஸ்டாண்டுல பாக்கலாம்னுட்டு விடியக்காலையிலயே ஏறிப் போயிட்டாரு."

"அய்யோ! சிமென்ட் லாரி போற ரோடுங்க. எதப் புடிச்சு நிறுத்துவாரு?"

"புதுச் செருப்புதான் போட்டிருக்காரு."

"போனப் போடுங்க."

"எடுக்க மாட்டேங்குறாரு."

"பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

என் மகனும் சைக்கிளில்தான் டியூஷன் போகிறான். வழியெல்லாம் சாலை ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அரியலூரில் இறங்கியும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். காலில் ஒற்றைச் செருப்பு, தலையெல்லாம் வைக்கோல்.

"டயரு அருமைங்க மாமா," என்றார். "வைக்கப்போருக்குள்ளகூட சிக்காமப் போவுது."