வேன் ஜன்னலில் மூன்று சிவப்பு

இரவு பதினொன்று. சமார் தீவின் கடலோரச் சாலை... ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தண்ணீர். நடுவில் ஊருக்குப் போகும் கடைசி வேன். உள்ளே மூன்றே பேர்.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இது நடந்தது நம்ம ரோலியின் சின்னம்மா பெர்லாவுக்கு.

பெர்லாவின் புருஷன் நெஸ்தோர் அந்த விரிகுடாவில்தான் படகு கவிழ்ந்து செத்தான். ஒரு வருஷம் கறுப்பு உடுத்த வேண்டியவள், மூன்றாம் மாதமே கழற்றிப் போட்டாள். எனக்காக அழுதாயிற்று, இனி ஊருக்காக அழ முடியாது என்றாள். போதாதா ஊர் வாய்க்கு? அந்த நேரம் பார்த்து எவனோ வேன் ஜன்னல் வழியாக வீடியோ எடுத்தான். இருட்டுக் கடலுக்கு மேலே மூன்று சிவப்பு வெளிச்சம்... வேன் கூடவே பறந்து வருகிறது. தண்ணீரில் செத்தவன் சாந்தெல்மோ என்னும் நெருப்பாக அலைவான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெஸ்தோர்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

மாமியார் கிளாரிட்டா சொல்லிவிட்டாள். "கறுப்பக் கட்டு. இல்லேன்னா என் வீட்ட விட்டுக் கிளம்பு."

"ரெண்டும் முடியாது. வேன் வேகத்துக்குப் பறக்குறானாம்! உங்க பிள்ளை நடையே ஆமை நடை. என்கூட வாங்க அத்தை, அது என்னன்னு காட்டுறேன்."

இருவரும் கடைசி வேனில் ஏறினார்கள். ஏசி குளிர், டீசல் நாற்றம், யாரோ விட்டுப்போன கருவாட்டு வாடை. விரிகுடா வளைவு வந்தது... ஜன்னலில் மூன்று சிவப்பு. கிளாரிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தோதோய், அந்த விளக்க அணை!" என்று பெர்லா டிரைவரிடம் கத்தினாள். அவனுக்கு முன்னால் குழந்தை இயேசு சிலை. அதைச் சுற்றி மூன்று சிவப்பு பல்புகள்.

"ஐயோ அக்கா, வண்டி ஓடுறப்ப அத யாரும் அணைக்க மாட்டாங்க! அதுதான் நமக்குக் காவல்!"

"அதான் இத்தனை நாளா எவனுக்கும் தெரியல. அணைடா!"

டிக். கடல்மேல் இருந்த மூன்றும் போயின. டிக். மூன்றும் வந்தன. டிக்... இருட்டு.

"பாத்தீங்களா அத்தை? கண்ணாடியில தெரியுது, அவ்வளவுதான். அது உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு போனுக்கு என்ன தெரியும்? சாமி விளக்கப் பாத்து ஊரே நடுங்குது!" பெர்லா சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

கிளாரிட்டா அணைந்த பல்புகளை எட்டிப் பார்த்தாள். பிறகு, "சரி... வீட்டுலயே இரு. பிடிச்சத உடுத்திக்கோ" என்று முனகிவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

தோதோயின் கை மறுபடி சுவிட்சுக்குப் போனது.

"வேணாம்" என்றாள் பெர்லா. "ஒண்ணும் வராதுன்னு நீயும் தெரிஞ்சுக்கோ."

ஜன்னல்களில் பனி பூத்திருந்தது. பெர்லா கையால் துடைத்தாள். போகவில்லை. ஏசி வண்டியில் பனி வெளிப்பக்கம்தானே படியும்...

கீச்.

வெளியிலிருந்து... ஒரு கையகலம் துடைபட்டது. உள்ளே சேற்று வாடை. வேன் அறுபதில் ஓடிக்கொண்டிருந்தது.

பெர்லா முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடிக்குக் கிட்டே போனாள். "நல்லாப் பாத்துக்கோ. கறுப்புக் கட்ட மாட்டேன்."

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கூரைமேல் ஈரமாக ஏதோ ஊர்ந்து... மறுபக்கம் இறங்கியது.

தூங்குகிற கிளாரிட்டாவின் முகத்துக்கு நேராக... கீச்.