கீரைப் பொடி அடைத்த கேப்ஸ்யூல்

வாசல் மணி விடாமல் அடித்தது. பூசணிக் கொடிக்குப் புளித்த மோரைத் தெளித்துக்கொண்டிருந்த நான், கைகூடக் கழுவாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என் மகள், முகம் சுண்டிப்போய். அவ்வளவு பெரிய டாக்டர் நம் வீடு தேடி வந்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். உட்காரச் சொல்லிவிட்டு, அப்போதுதான் பறித்த வெள்ளரிக்காயை நறுக்கி வைத்தேன். யாரும் தொடவில்லை.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து என் வீட்டுக்காரருடைய மாத்திரை டப்பாவை எடுத்தார். ஒரு கேப்ஸ்யூலைத் திருகித் திறந்தார். பச்சைப் பொடி மேசையில் கொட்டியது.

"இது என்னம்மா?"

"பசலைக்கீரைங்க. நிழல்ல காயவெச்சது."

வெயிலில் காயவைத்தால் நிறம் போய்விடும். கேட்டார், சொன்னேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் சைக்கிள் உதிரிபாகம் விற்கிற கம்பெனியில் சேல்ஸ்மேன். ஊர் ஊராகச் சுற்றி, கண்ட கடையில் கண்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்றே வயிற்றை வளர்த்தவர். என் தோட்டத்திலோ ஒரு சொட்டு ரசாயனம் விழாது. பூச்சி வந்தால் பூண்டுக் கரைசல். காய்கறித் தோலெல்லாம் உரக்குழிக்கு. அந்த மண்ணில் விளைந்த கீரையை வதக்கி வைத்தால், "என்னடி, மாட்டுக்கு வெச்சதை எனக்கு வெச்சுட்டியா?" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

அப்புறம் ரத்தக்கொதிப்பு வந்து பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தார். நீண்ட மெடிக்கல் லீவு. அப்படி ஒரு காலம் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. வேளாவேளைக்கு மேசைக்கு வருவார். வெறும் சுரைக்காயை வேகவைத்து மிளகு தூவினால்கூட இன்னொரு கரண்டி கேட்பார். தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டினார்.

"என்னக்கா, மாமா பெட்டிப்பாம்பா அடங்கிட்டாரே!" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டரம்மா கொடுத்த மருந்துதான் எல்லாவற்றையும் கெடுத்தது. குறை சொல்லவில்லை, நல்ல மருந்து. உடம்பு தேறிவிட்டது. தேறியதும் மனிதர் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"அடுத்த மாசம் டூர் கிளம்பறேன். உன் கீரையைத் தின்னு தின்னு என் நாக்கே செத்துப்போச்சுடி" என்றார், சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். அன்று மதியம் அவர் தூங்கும்போது கேப்ஸ்யூல்களைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, கீரைப் பொடியை அடைத்தேன். பொறுமையான வேலை. பட்டாணி உரிப்பது மாதிரி, கை பழகினால் அலுப்பே தெரியாது. டப்பா தீர்ந்து புதிது வரும்போதெல்லாம் செய்தேன்.

பெட்டி மறுபடி பரண் ஏறியது. தலை சுற்றியது, என் தோளைப் பிடித்து நடந்தார். கால் வீங்கியது, பார்லித் தண்ணீர் கொடுத்தேன். கண் மங்கியது, கேரட் துருவிக் கொடுத்தேன். கவனிப்பில் குறை வைத்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நேற்றுக் காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணி, ஸ்பூன் கீழே விழுந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போது மகள் மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் ஒரு கேப்ஸ்யூல் உடைந்து, குட்டு வெளிப்பட்டிருக்கிறது.

"அவருக்குப் பேச்சு திரும்புமான்னே தெரியலைம்மா" என்றார் டாக்டரம்மா. "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"என் வீட்ல எல்லாமே இயற்கைதாங்க. அந்த மருந்து ரசாயனம். மனுஷ உடம்புக்குள்ள ரசாயனம் போகலாமா?"

"அம்மா, அப்பா செத்திருப்பாரும்மா" என்று மகள் வெடித்து அழுதாள்.

"சாகலையேடி. இனிமே வீட்டோட இருப்பாரு. எதை மசிச்சுக் குடுத்தாலும் சமத்தா சாப்பிடுவாரு."

டாக்டரம்மா டப்பாவை மூடிக் கைப்பையில் வைத்தார். "வேற யாராவது எடுத்துட்டா ஆபத்து. உள்ளே இருந்த மருந்தை எங்கே கொட்டினீங்க?"

"உரக்குழியில கொட்டினா மண்புழு செத்துடும் டாக்டரம்மா; எனக்கும் பிரஷர் இருக்கில்ல, அதான் தினமும் தண்ணியில கலக்கி நானே குடிச்சுட்டேன், உடம்பு என்னமா தேறியிருக்கு பாருங்க!"